மேகத்துக்குக் காய்ச்சல்

3-8-58 ஞாயிறு

நான்கு நாளாகத் தூறல். துணி எதுவும் காயவில்லை. விறகும் ஈரம். பாதி நாள் அடுப்பை ஊதியே போனது.

நேற்றுத் தபாலில் ஒரே ஓர் உறை. மேலே என் விலாசம், என் கையெழுத்திலேயே. பிரிக்காமலே தெரியும். திரும்பி வந்த கதை, இதோடு ஒன்பது. இந்த முறை அச்சடித்த சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘பாத்திரங்கள் அழுதுகொண்டே இருக்கிறார்கள்.’ அழாமல் வேறென்ன செய்வார்கள். அந்தப் பத்திரிகை ஆசிரியரை ஓர் ஆடி மாதம் முழுக்க ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

“இன்னா, வந்துடுச்சா?” என்று கேட்டார் இவர். கேலி இல்லை என்பார். கேலிதான்.

இவர் கம்பவுண்டராக மலைக்கு மாற்றலாகி மூன்று வருடம். டாக்டர் வாரம் ஒருநாள் வருவார், மழை பெய்தால் அதுவும் இல்லை. நான் கண்ணமங்கலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்வந்து எட்டு மாதம்.

மகள் வசந்தா மட்டும் என் உறையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பாயை எடுத்து ஜன்னலோரம் போட்டாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கதை எழுத எங்கள் இருவருக்கும் ஒரே நோட்டு. இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் எனக்கு. நடுவில் ஒரு சிலேட்டை நிறுத்திக்கொள்வோம், எட்டிப் பார்க்கக் கூடாது. முடித்த பிறகு சத்தமாகப் படிக்க வேண்டும். போன வருடம் தொடங்கியது. அவளுக்காகத் தொடங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நான் எழுதுவதை ஓர் ஆளாவது கேட்கட்டும் என்றுதான் தொடங்கினேன்.

6-8-58 புதன்

மதியம் கொஞ்சம் வெயில். உப்பு தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் சனிக்கிழமை வரை வரும்.

இன்று வ. எழுதியது. எழுத்துப் பிழை மட்டும் திருத்தி அப்படியே:

‘ஒரு மேகத்துக்குக் காய்ச்சல். அது மலை மேலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தது. சீட்டு வாங்கி வரிசையில் நின்றது. முன்னால் நின்ற பாட்டி நனைந்துவிட்டாள். தெர்மாமீட்டர் வைக்க வேண்டும், வாய் எங்கே என்று கம்பவுண்டர் கேட்டார். எனக்கு எல்லா இடமும் வாய்தான் என்றது மேகம். ஊசி வேண்டாம் சார், குத்தினால் ஒழுகிவிடுவேன் என்று கெஞ்சியது. சரி என்று சிவப்பு மருந்து கொடுத்தார். மேகம் பாதியைக் குடித்தது. மீதியைத் தம்பி தங்கைகளுக்கு எடுத்துப் போனது. அதனால்தான் சாயங்காலம் வானம் சிவப்பாக இருக்கிறது.’

எதிர்ப்பக்கத்தில் நான் எழுதியது: கிணற்றடியில் ஒரு மருமகள்.

படித்து முடித்ததும் வ. கேட்டாள்: “அந்த அக்கா எப்பம்மா அழுகையை நிறுத்தும்?”

சமையல் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

8-8-58 வெள்ளி

குத்தினால் ஒழுகிவிடுவேன். இரண்டு நாளாக அரிசி களையும்போதும் அதே வரி. எட்டாவது வரை படித்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து, பத்து வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வரவில்லை. அவளுக்குக் கால் மணி நேரத்தில் வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பெற்ற குழந்தை மேல் பொறாமைப்படுகிறவள் உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் யார் வெளியே சொல்வார்கள்.

அவள் பள்ளிக்கூடம் போனதும் கதையை எடுத்து விரித்து எழுதினேன். ஏழு பக்கம். வரிசையில் நிற்பவர்களின் பேச்சு, கம்பவுண்டரின் சலிப்பு, கடைசிப் பத்தி, இவை என்னுடையவை. மூச்சு அவளுடையது.

11-8-58 திங்கள்

அனுப்பிவிட்டேன். என் பெயரில்.

காரணங்கள்: அவள் பெயரில் போனால் சிறுவர் பகுதியில் நாலு வரி போடுவார்கள். ஏழு பக்கத்தில் ஐந்து நான் எழுதியவை. எப்படியும் திரும்பித்தான் வரும்.

எங்கள் நோட்டிலிருந்து வ. எழுதிய தாளைக் கிழித்து அடுப்பில் வைத்தேன். விறகு ஈரம், பற்றவைக்கக் காகிதம் வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பழைய செய்தித்தாள் ஒரு கட்டு பக்கத்திலேயே இருந்தது.

17-9-58 புதன்

ஒரு மாதமாக ஒன்றும் எழுதவில்லை, இங்கே. வ.வுடன் மட்டும் தினமும் சாயங்காலம். அவள் எழுதியவை: படிக்கத் தெரியாத கழுதை. மலைக்கு வழி கேட்ட ஆறு. வாத்தியார் குடையின் கல்யாணம். அந்தத் தாள் போனதை இன்னும் கவனிக்கவில்லை. பின்னால் புரட்டிப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. நான்தான் புரட்டுகிறவள்.

உறையும் திரும்பி வரவில்லை.

4-10-58 சனி

மருந்து எடுத்துவர ஒடுகத்தூர் போன இவர், மூட்டையை இறக்கும் முன்பே கையில் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு வந்தார். கடையில் தொங்கியதாம். புரட்டினால் என் பெயர். நடுப்பக்கம், படத்தோடு. படத்தில் மேகத்துக்குக் கால்கள் வரைந்திருக்கிறார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. “எழுதறேன் எழுதறேன்னு சொல்லிக்கினு இருந்தே. நான் இன்னாமோன்னு நெனச்சேன்,” என்றார். பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கி வைத்து, உட்காரச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வ. அப்பா மடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது பத்தியில் நிறுத்தினாள்.

“அம்மா, இது என்னுது.”

“பார்றா, அம்மா எழுதுனா உன்னுதா?” இவர் சிரித்தார்.

“நெஜமாப்பா. நோட்டுல கீது.” ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்தாள். புரட்டினாள். திரும்ப முதலிலிருந்து புரட்டினாள். கிணற்றடி மருமகள் இருந்தாள். எதிர்ப்பக்கம் இல்லை. கிழித்த விளிம்பின் மேல் விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சாப்பிட வா,” என்றேன்.

7-10-58 செவ்வாய்

கனமழை. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

சாயங்காலம் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், குடையைப் பிடித்துக்கொண்டு, வ.வின் கையைப் பிடித்துக்கொண்டு. அவள் முட்டி இரண்டிலும் மண். இவர் நேற்றே பத்திரிகையை அவரிடம் படிக்கக் கொடுத்திருக்கிறார்.

“ஒண்ணுமில்லமா, தப்பா எடுத்துக்காதீங்க. கிளாஸ்ல உங்க கதைய படிச்சுக் காட்னேன். இந்தப் பொண்ணு எழுந்து, சார் அது நான் எழுதுனதுன்றா. அம்மா பேர் போட்டுகீது பாருன்னு காட்னா, அப்பவும் இல்லன்றா. பொய் சொல்லாதன்னு முட்டி போட வெச்சேன். ஒத்துக்கவே இல்ல. நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. கதை உங்களுதுதானே?”

இவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஓட்டிலிருந்து தண்ணீர் அண்டாவில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஆமாங்க,” என்றேன்.

“வுடுங்க சார், கொழந்த. அம்மாவாட்டம் ஆவணும்னு ஆசை,” என்றார் இவர்.

வ. அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வாத்தியார் கையில் சுருட்டியிருந்த பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் காபி குடித்துவிட்டுப் போனார். முட்டியைக் கழுவிவிடக் கூப்பிட்டேன். தானே கழுவிக்கொண்டாள்.

10-10-58 வெள்ளி

மூன்று நாளாகப் பாய் விரிக்கவில்லை. கேட்டால் பள்ளிக்கூட வேலை இருக்கிறது என்கிறாள். பள்ளிக்கூட வேலை ஒன்றும் இல்லை, வாய்ப்பாடு மட்டும். அதைச் சத்தமாகச் சொல்கிறாள், நான் பேச இடம் கொடுக்காமல்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி வீட்டு வாசலில் நின்று, “நீதான் மேகத்துக் கத சொன்ன அம்மாவா?” என்றாள். இவர் ஒருவரையும் விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவளிடமும் சொல்லியிருக்கிறார். தேன் கொடுத்துவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டேன்.

13-10-58 திங்கள்

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம். அச்சடித்த சீட்டு இல்லை, கையால் எழுதியது. வாசகர்கள் பாராட்டியிருக்கிறார்களாம். ‘இதே பாணியில் இன்னொன்று விரைவில் அனுப்பவும்.’

இவர் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போடலாம் என்கிறார்.

பகல் முழுதும் உட்கார்ந்தேன். காற்றுக்குப் பல்வலி. மரத்துக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாம் செத்த வரிகள். நாலாவது வரியில் மரம் அழத் தொடங்கிவிட்டது. கிழித்துப் போட்டேன்.

15-10-58 புதன்

இதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த நோட்டு எதற்கு.

நேற்று வ.வுக்குப் பிடித்த வெல்லப் பணியாரம் சுட்டேன். கடிதம் வந்ததற்காக. அவள் சாப்பிட்டு முடித்ததும் நானே பாயைப் போட்டு, புது நோட்டை வைத்து, “அந்தக் கழுதைய வெச்சு இன்னொரு கதை சொல்லேன், அம்மா எழுதிக்கறேன்,” என்றேன். வெட்கம் இல்லாமல்தான் கேட்டேன்.

“நான் கதை சொல்ல மாட்டேன்மா.”

“ஏன் கண்ணு?”

“கதைன்னா பொய்தானே. கழுத எங்கயாச்சும் படிக்குமா? பொய் சொல்லக் கூடாதுன்னு சார் முட்டி போட வெச்சாரு.”

கோபமாகச் சொல்லவில்லை. வாய்ப்பாடு சொல்வதுபோல் சொன்னாள்.

16-10-58 வியாழன்

காலையில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்தது, எரித்தது உட்பட. முகம் சிறுத்துப்போனது. சவரக் கத்தியைக் கீழே வைத்தார்.

“இத்த யாருக்குனா சொன்னியா?”

“இல்ல.”

“அப்போ வுடு. ஊரெல்லாம் காட்டிட்டேன், இப்போ போய் சொன்னா யாருக்கு அசிங்கம்? பெத்த பொண்ணுகிட்டதானே எடுத்துக்கினே. திருட்டா அது?” கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, “அவ மறந்துடுவா.”

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பள்ளிக்கூடம் போனேன். வழியெல்லாம் சேறு. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, பிள்ளைகள் காதில் விழும்படியே சொன்னேன்: “சார், அந்தக் கதை வசந்தா எழுதுனது. நான்தான் எம் பேர்ல அனுப்பிட்டேன். அவ பொய் சொல்லல.”

வாத்தியார் எழுந்து வெளியே வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “புரியுதுமா. பெத்த மனசு. நாலு புள்ளைங்க முன்னால அவ தலைகுனியக் கூடாதுன்னு வந்துகீறீங்க.”

“இல்லங்க சார். நெஜமாவே...”

“ஏழு வயசுப் பொண்ணு எழுதற கதையாமா அது? அன்னிக்கு நீங்கதானே ஆமான்னீங்க. போங்க, நான் இனிமே அவளத் திட்டல.”

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் எழுதிய தாள் அடுப்பில் போனது. இந்த நாட்குறிப்பில் இருக்கிறது, என் கையெழுத்தில். அவளுடைய மற்ற கதைகளைக் காட்டினாலும் நான் சொல்லி அவள் எழுதியவை என்பார். கடைசி பெஞ்சில் வ. குனிந்து எதையோ கீறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் திரும்பும்போது வாத்தியார் பிள்ளைகளிடம் சொன்னது கேட்டது: “பாத்தீங்களா, அம்மான்னா இப்படித்தான்.”

17-10-58 வெள்ளி

மழை விட்டது. போர்வைகளை வெயிலில் போட்டேன்.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். எழுதியவள் என் மகள், வயது ஏழு, பெயரைத் திருத்தி வெளியிட வேண்டும், என்னிடம் வேறு கதை கிடையாது. நானே தபாலில் போட்டேன். இவரிடம் கொடுக்கவில்லை.

வ. முற்றத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.

“நேத்து நான் சார்கிட்ட சொன்னது கேட்டுச்சா?”

தலையை ஆட்டினாள்.

“அம்மா செஞ்சது தப்பு, வசந்தா.”

இரண்டு மூன்று காய் உரித்தாள். தோலை ஒருபக்கம், பருப்பை ஒருபக்கம்.

“சார் நீ சொன்னத நம்புனாராம்மா?”

“இல்ல.”

“என்னையுந்தான் நம்பல,” என்றாள். முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.