காலைக் குளிசையும் இரவுக் குளிசையும்

குருநகர்
சனிக்கிழமை பின்னேரம்

என் அன்பு மகன் ஜெயசுதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நான் இருக்கிறேன், நீயும் அந்த வெயில் ஊரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இருக்கிறேன் என்றுதான் எழுதினேன், சுகமாக என்று எழுதவில்லை, காரணம் கீழே வரும். போனிலே கதைக்கலாமே அம்மா, இதென்ன கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் கதைத்தால் நீ இடையில் புகுந்து சரியம்மா விடுங்கோ அம்மா என்று சொல்லிவிடுவாய், நானும் அதுதான் சாட்டென்று வேறு கதைக்குத் தாவிவிடுவேன். எழுத்தில் அப்படித் தப்ப ஏலாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் இந்த ஒழுங்கையில் எத்தனை பேருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், ஆகையால் எங்கேயாவது எழுத்துப் பிழை கண்டால் அது என் கண்ணாடியின் பிழை.

முதலில் பெரிய விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெயகௌரி பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு மயிலிட்டிக்குத் தாய் வீட்டுக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். தாய்க்கு நெஞ்சு வருத்தம், அதுதான் போய் நிற்கிறேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறாளாம். தாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் போய்க் கண்ணால் பார்த்தேன், என்னைவிடத் திடமாக இருக்கிறா. உன் மனைவி போனது என்னாலே, அதுவும் நீ அனுப்பின அந்தக் கல்சியப் போத்தலாலே. லவீனா சோதனை எடுக்கிற வருடத்தில் விடியற்காலை மயிலிட்டியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவன் ஜெரிசன் பள்ளிக்கூடமே போகவில்லை. இது எல்லாம் ஏன் நடந்தது என்று உனக்கு வேறு யாரும் சொல்ல முன்னம் நான் சொல்ல வேண்டும்.

போன வருடம் நான் கோயில் படியில் வழுக்கி மணிக்கட்டு வெடித்ததும் எலும்பு மெலிந்து போச்சு என்று டொக்டர் சொன்னதும் உனக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு நீ கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த குளிசை என்று பெரிய போத்தல் ஒன்று வாங்கி அனுப்பினாய். உன் மனம் எனக்கு விளங்கும் மகன், ஆனால் அந்தப் போத்தலைக் கண்ட நாளிலிருந்தே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஒரு பக்கம் அரபி, மற்றப் பக்கம் இங்கிலீசு, நான் வாசிக்க ஒரு எழுத்து இல்லை. குளிசை ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடப் பெரிது, மணந்து பார்த்தால் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மணம். கல்சியம் என்றால் என்ன என்று லவீனாவைக் கேட்டேன், கேத்திலுக்குள்ளை வெள்ளையாய்ப் படிஞ்சு கிடக்குதெல்லோ அப்பம்மா, உதுக்குள்ளையும் கல்சியம்தான் என்றாள். அப்படியென்றால் எழுபத்திரண்டு வருடமாக அந்தத் தண்ணீரைக் குடித்து, நெத்தலியை முள்ளோடு சப்பின எனக்கு என்னத்துக்குக் கடைக் கல்சியம்? மக்னீசியம் என்னவென்று கேட்டால், எங்கடை சயன்ஸ் ரீச்சர் மக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டினவா, வெல்டிங் வெளிச்சம் மாதிரிக் கண் கூசினது என்று சொல்லிச் சிரிக்கிறாள். நான் பயந்து போனதைக் கண்டு, அது வேறை இது வேறை அப்பம்மா, உங்கடை வயித்துக்குள்ளை ஆர் நெருப்பு வைக்கப் போகினம் என்று பகிடி பண்ணினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போத்தல் வந்த கிழமை ஜெயகௌரி நான் முன்னமே போட்டு வருகிற தைரொயிட் குளிசையை எடுக்கக் கிளினிக்குக்கு வெளிக்கிட்டாள். அவளுடைய கைப்பைக்குள் அந்தப் போத்தல் இருந்ததை நான் கண்டேன். என்ன பிள்ளை இது என்று கேட்க, மருந்து குடுக்கிற இடத்திலை காட்டிக் கேட்டுக்கொண்டு வாறன் மாமி, கண்டபடி போடக் கூடாதெல்லோ என்றாள். போனவள் அப்படியே மயிலிட்டிக்கும் போய்த் தாயைப் பார்த்துவிட்டுப் பின்னேரம்தான் வந்தாள். போத்தலைப் பார்த்தேன், குறைந்தது போல இருந்தது. முதலில் எவ்வளவு இருந்தது என்று நான் பார்த்து வைக்கவில்லை, இருந்தும் குறைந்துதான் போச்சு என்று மனம் சொல்லிற்று. அவள் வந்து, காலமை வெறுவயித்திலை தைரொயிட் குளிசை, இந்தக் கல்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரெண்டும் கிட்ட வரக்கூடாதாம் மாமி, நாலு மணித்தியாலமாவது இடைவெளி வேணுமாம் என்று சொன்னாள். இரண்டு குளிசைகள் ஏன் கிட்ட வரக்கூடாது, அவை என்ன கோபம் போட்ட ஆட்களா? எனக்கு அது ஒரு சாட்டுப் போலத்தான் பட்டது. இரவு நான் செபமாலை சொல்லிவிட்டுக் கெதியாய்ப் படுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும், நான் போடாமல் விடுகிற குளிசை மயிலிட்டிக்குப் போகும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நீக்கிலாப்பிள்ளையின் மனைவி மீன் வாங்குகிற இடத்தில் என்னைப் பிடித்து, வெளிநாட்டுக் குளிசையை மருமகளின்ரை கையிலை குடுத்திட்டு இருக்கிறீரோ அற்புதராணி, என்ரை போத்தலின்ரை பாதி எங்கை போனதெண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது என்று காதுக்குள் போட்டாள். அவள் போட்டாள், நான் எடுத்தேன், அவளில் முழுப் பிழையையும் சுமத்த மாட்டேன்.

அன்றைக்கே போத்தலை எடுத்து என் அலுமாரிக்குள் சீலைக்கு அடியில் வைத்தேன். இனி நானே இரவில் போடுகிறேன் என்று ஜெயகௌரிக்குச் சொன்னேன். ஆனால் இரவில் போடவில்லை. ஐந்தரைப் பூசைக்குப் போக முன்னம், அவள் கையில் தருகிற தைரொயிட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கல்சியத்தோடு சேர்த்து ஒரே வாயில் பிளேன்ரீயோடு விழுங்கினேன், எல்லாம் ஒரேயடியாய் முடிந்துவிடும் என்று. மறந்த நாளுக்கும் சேர்த்துச் சில காலை இரண்டு கல்சியம். அவள் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு, மாமி கல்சியம் போட்டீங்களோ என்று கேட்பாள், ஓம் ஓம் என்பேன். அது பொய். எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன்.

மூன்று மாதம் இப்படிப் போனது. கால் வீங்கிற்று, குரல் கட்டிற்று, பங்குனி வெயிலில் போர்வை தா என்று கேட்டேன். பிரசங்கத்தில் நித்திரையாகிப் போய்ப் பூசை முடிந்து பாதர் வந்து, என்ன அற்புதராணி அம்மா, என்ரை பிரசங்கம் அவ்வளவு மோசமோ என்று கேட்கத்தான் கண் முழித்தேன். அப்போது எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமா, காலையில் ஜெயகௌரி தருகிற சின்ன வெள்ளைக் குளிசை உண்மையான தைரொயிட் குளிசை இல்லை, அவள் மாற்றிவிட்டாள் என்று. ஏன் மாற்ற வேண்டும் என்று மனத்தைக் கேட்டேன், மனம் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது. போத்தலை நான் பறித்ததற்குப் பழி வாங்குகிறாள் என்று.

கிளினிக்கில் இரத்தம் பார்த்த துண்டைக் கண்டு டொக்டர் முகம் சுளித்தார், நல்லாய் இருந்தது ஏன் இப்பிடி மாறினது, குளிசை ஒழுங்காய்ப் போடுறாவோ என்று ஜெயகௌரியைக் கேட்டார். ஓம் டொக்டர், நானே கையிலை குடுக்கிறன் என்றாள். அப்போதுதான் என் வாய் நிற்கவில்லை. இவள் தாறதைத்தான் விழுங்கிறன் டொக்டர், என்ன தாறாள் எண்டு ஆர் கண்டது என்று சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை மகன். எங்கள் கோயில் ஆட்கள் ஆறு ஏழு பேர் கதவடி வாங்கிலில் குந்தியிருந்தார்கள், எல்லாருக்கும் கேட்டது. டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டி எழுதினார், மருந்தும் எடுக்காமல் வந்துவிட்டோம். பஸ்ஸில் அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து சோறு கறி ஆக்கி மூடி வைத்துவிட்டு உடுப்புகளை அடுக்கினாள். போகும்போது, மாமி, உங்கடை குளிசை எல்லாம் மேசையிலை கிடக்கு, இனி என்ன தாறாள் எண்டு நீங்கள் பயப்பிடத் தேவையில்லை என்றாள். அவ்வளவுதான்.

அவள் உனக்கு அழுது கதைப்பாள், நீ என்னை ஏசுவாய் என்று போனைப் பார்த்தபடி இருந்தேன். நீ எடுத்தாய், சாப்பிட்டீங்களோ அம்மா என்று கேட்டாய். இருவரும் சேர்ந்து எனக்கு நடிக்கிறீர்கள் என்று நினைத்து உன்னையும் சந்தேகப்பட்டேன்.

அடுத்த கிழமை எடுக்காமல் விட்ட மருந்தை எடுக்கத் தனியப் போனேன். மேசையில் கிடந்த எல்லாக் குளிசையையும், அலுமாரிப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஏன் தெரியுமா, அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை பொய்க் குளிசை என்று அங்கே பிடித்துக் கொடுக்க. மருந்து கொடுக்கிற பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நாங்கள் தந்த குளிசைதான் அம்மம்மா, நல்ல குளிசை என்றாள். பிறகு உன் போத்தலைத் தூக்கி, இதை எப்ப போடுறனீங்கள் என்று கேட்டாள். முதல் தடவையாக ஒரு ஆளுக்கு உண்மையைச் சொன்னேன், காலமை ரெண்டையும் ஒண்டாய் என்று. ஐயோ அம்மம்மா, இந்தக் கல்சியமும் மக்னீசியமும் வயித்துக்குள்ளை அந்தச் சின்னக் குளிசையைப் பிடிச்சு வச்சிருக்கும், உடம்பிலை சேர விடாது, நீங்கள் போட்டும் போடாத மாதிரித்தான் என்றாள். அதோடு விடவில்லை. இதே போத்தலை உங்கடை மருமகள் கொண்டுவந்து காட்டினவாவெல்லோ, இரவிலை குடுங்கோ எண்டு நான் சொல்ல ஒரு துண்டிலை எழுதிக்கொண்டு போனவா, அவ சொல்லேல்லையோ என்று கேட்டாள். என்னைத் திரும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், அவர் கூட்டின அளவைப் பழையபடி குறைத்து எழுதி, கல்சியத்தை இரவுக்கு மாற்றி ஒன்றரை மாதத்தில் இரத்தம் பார்க்க வரச் சொன்னார். வாங்கிலில் அன்றைக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. நான் பழி சொன்னதை அத்தனை பேர் கேட்டார்கள், இதைக் கேட்க ஒருவர் இல்லை.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி முழுதாக வரவில்லை. அவள் உனக்கு எல்லாம் சொல்லியிருப்பாள், சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தேன். பிறகு உன் கூட்டாளி கனிசியஸ் லீவில் வந்தவன், என்ன கொண்டு போக இருக்கு அன்ரி என்று கேட்டு வந்தான். அவன்தான், ஜெயகௌரியின்ரை அம்மாவுக்கு நெஞ்சு வருத்தமாம், சுதன் அதையே யோசிச்சுக் கவலைப்படுறான் என்றான். அப்போதுதான் விளங்கிற்று. ஊர் கேட்க நான் அவமானப்படுத்தின பிள்ளை, உன்னிடம் என்னைக் காட்டிக் கொடுக்காமல் தன் தாயை நோயாளியாக்கி வைத்திருக்கிறாள்.

மறுநாளே மயிலிட்டிக்குப் போனேன். அவளும் தாயும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள், தாய் கதிரை போட்டு விட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனா, அது நாகரிகம். பிள்ளை, வீட்டை வா என்றேன். என்னத்துக்கு மாமி, இன்னும் சோதிக்கவோ என்றாள், கண்ணை எடுக்காமல் உரித்துக்கொண்டு. நான் கிளினிக்கில் நடந்ததை எல்லாம் சொன்னேன், காலையில் ஒன்றாக விழுங்கினதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அண்டைக்கு வாங்கிலை இருந்தவைக்கு ஆர் மாமி சொல்லுறது என்றாள். ஞாயிறு பூசை முடிய நீக்கிலாப்பிள்ளையின்ரை பெண்சாதிக்குச் சொல்லுறன், பின்னேரத்துக்குள்ளை முழுக் குருநகருக்கும் போயிடும் என்றேன். சிரிப்பு வந்தது அவளுக்கு, அடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள், இவருக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, வெயிலுக்கை நிண்டு வேலை செய்யிற மனுசனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது, அதை நீங்கள்தான் சொல்ல வேணும், போனிலை வேண்டாம் மாமி, போனிலை எண்டால் கடைசியிலை பிழையை என்ரை தலையிலை கொண்டுவந்து முடிப்பியள், எழுதுங்கோ, எழுதி எனக்கு வாசிக்கத் தாங்கோ, பிறகு வாறன் என்று.

என்னை ஒரு சின்னப் பிள்ளை சோதனை எழுத வைப்பதா என்று பஸ்ஸில் வரும்வரை கோபம். வீட்டுக்கு வந்து தனியச் சோறு போட்டுச் சாப்பிட்டபோது, அவள் என்னைச் சந்தேகப்பட அவளுக்கு நியாயம் இருக்கிறது என்று பட்டது. எனக்குத்தான் ஒரு நியாயமும் இருக்கவில்லை. இதை வாசித்து நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாயோ தெரியாது, நினைப்பதை நினை, ஆனால் அவளோடு ஒரு சொல் கோபமாகக் கதைக்காதே, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றும் கேட்காதே.

இப்போது இரவில் சாப்பிட்ட உடனே கல்சியம் போடுகிறேன், காலையில் சின்னக் குளிசை மட்டும் தண்ணீரோடு. மக்னீசியத்தில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை, அதை உனக்கு ஒளிக்க மாட்டேன். நீயும் கால் பிடிக்குது என்று அதே குளிசை போடுகிறாயாம், கனிசியஸ் வாய் தவறிச் சொன்னான். யாரைக் கேட்டுப் போடுகிறாய்? வேறு என்ன குளிசையோடு போடுகிறாய்? அங்கே ஒரு டொக்டரிடம் போய்க் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எனக்கு எழுது, சும்மா ஓம் ஓம் என்று சொல்லாதே, அந்த ஓம் எனக்கு நல்லாய்த் தெரியும். வெள்ளிக்கிழமைப் பூசையை விடாதே, வெயிலில் தலைக்குத் துணி கட்டு.

உறைக்குள் வைத்து, ஒட்டாமல் இதை நாளை பூசை முடிய மயிலிட்டிக்குக் கொண்டு போகிறேன். அவள் வாசித்து, எல்லாம் சரியாய் எழுதியிருக்கிறேன் என்று கண்டால் தன் கையால் ஒட்டிக் கனிசியஸிடம் கொடுக்கட்டும், அவன் புதன்கிழமை பிளேன் ஏறுகிறான். எங்கேயாவது வரி வெட்டிக் கிடந்தால் அது நான் வெட்டினது இல்லை. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒட்டின உறையாக இது உனக்குக் கிடைத்தால், உன் மனைவியும் பிள்ளைகளும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொள். கனிசியஸ் வெறுங்கையோடு வந்தால் நான் எதையோ விட்டுவிட்டேன், திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
செ. அற்புதராணி