அல்போன்ஸ் ஞானத்தந்தை ஆகலாமா?

ஜூலியட்,

உன் தம்பி அல்போன்ஸ் மோசேயைப் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் என்கிறான். பைபிளே தெரியாதவன் நம் பாப்பாவின் ஞானஸ்நானத்தில் எப்படி ஞானத்தந்தையாக நிற்பான்? நேற்று அவ்வளவு சண்டை போட்டும் எனக்கு விளங்கவில்லை. "அதுக்கும் நுழைவுத் தேர்வு வைப்பீங்களா, வாத்தியாரே?" என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

ரசம் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பைபிளிலிருந்து ஒரு திருப்பாடல் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அல்போன்ஸ்தான் ஒன்பது நாளும் கூட இருந்தான். ஒவ்வொரு வேளை கஞ்சிக்கு முன்பும் அப்பாவின் கையைப் பிடித்துச் சிலுவை போட வைத்தான். விசுவாசம் அப்படியும் கைமாறும் போலிருக்கிறது.

பி.கு. வேலைக்குப் போகிற வழியில் லஸ் கோவில் ஆபீசில் அல்போன்ஸ் பெயரையே எழுதிக் கொடுக்கிறேன். பாப்பாவுக்குப் பைபிள் நான் சொல்லித் தருகிறேன். பக்கத்தில் அவனும் உட்காரட்டும்.