முழுக்கை ப்ளவுஸ்

ஜூலை 6, ஞாயிறு

விடாத மழை. உள்பாவாடை மூன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டதில் புகை வாசம் வேறு.

வயிற்று மடிப்புக்கு அடியில் மறுபடி புண். துடைத்து, பவுடர் போட்டு, பழைய புடவைத் துணி ஒன்றை மடித்து வைத்துக் கட்டினேன். கொழும்பில் கடை வேலையில் இருந்தபோது நாற்பது கிலோவுக்கு மேல் குறைத்தேன். சுகர் வந்துவிடும் என்று டாக்டர் காட்டிய பயம். நடை, பாதிச் சோறு, சீனியில்லாத தேத்தண்ணி. சதை போனது, தோல் போகவில்லை. போகாது என்று யாரும் முன்னால் சொல்லவுமில்லை.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் மஸ்கெலியா, பஸ் கண்டக்டர். போனில் இன்னும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார். அவருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. "பொறந்ததில இருந்தே ஒல்லிதான்" என்று அம்மா தரகரிடம் சொல்லி வைத்திருக்கிறது.

வாங்க: பவுடர், ஊக்கு, அம்மாவுக்கு வலி எண்ணெய்.

ஜூலை 8, செவ்வாய்

ஹட்டன் தையல் கடையில் கல்யாண ப்ளவுஸுக்கு அளவு. மாப்பிள்ளையின் அக்காவும் வந்தார். அண்ணி என்று கூப்பிடப் பழகுகிறேன். திரைக்குப் பின்னால் தனியாகப் போகிறேன் என்றேன். "பொம்பளைக்குப் பொம்பளை என்னங்க வெக்கம்" என்று கூடவே நுழைந்துவிட்டார்.

தையல்கார அக்கா நான் போட்டிருந்த டொப்பைத் தூக்கி நாடாவைச் சுற்றினார். கட்டியிருந்த துணி நழுவியது. வயிறு வெளியே விழுந்தது. வேறு எப்படி எழுதுவது. விழுந்தது.

அண்ணி பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் முதலில் வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

ஜூலை 9, புதன்

பனி. எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியவில்லை.

தரகர் மாமா அம்மாவுக்குப் போன். அம்மாவுக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கர்தான். "வயிறு புள்ள பெத்த வயிறாட்டம் தொங்குதாமேக்கா. கொழும்புல ரெண்டு வருஷம் இருந்துச்சே, அங்க என்னமாச்சும் நடந்திருந்தா இப்பவே சொல்லிருங்க. நாலு பேருக்கு முன்னுக்கு அசிங்கமாயிரும்."

அம்மா அழவில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "நெசமாவே ஒண்ணும் இல்லையே?"

அம்மாவே கேட்கிறது. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நான் குண்டாக இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். எங்கள் வீட்டுப் படங்களில் என்னை நானே கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தாயிற்று. வெட்டும்போது அவ்வளவு சந்தோஷம். புத்தி கெட்டவள்.

பக்கத்து லயத்துப் புஷ்பம் அக்காவிடம் போனேன். ஊரெல்லாம் கேட்க என்னைப் பூசணி என்று கூப்பிட்டவர். அவர் மகள் சடங்கு ஆல்பத்தில் நான் இருக்கிறேன். கேட்கவே வாய் வரவில்லை. "நீ நின்னதால பின்னுக்கு நின்ன என் மாமியா தெரியவே இல்ல பாரு" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

இப்போது வேலை பார்க்கும் புடவைக் கடைக்கு லேட். முதலாளியிடம் ஏச்சு. மூன்று பேருக்குப் புடவை விரித்துக் காட்டியதில் ஒருத்தரும் வாங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணியும் அவர் அம்மாவும் மழையோடு வந்தார்கள். வாசல் இஸ்தோப்பில் குடையை விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தேத்தண்ணியை யாரும் தொடவில்லை.

படத்தைக் காட்டினேன். அண்ணி பெரிதாக்கிப் பார்த்தார். "இது வேற யாரோ. மூஞ்சியே ஒத்து வரல. பொறந்ததில இருந்து ஒல்லின்னுதானே சொன்னீங்க?" அம்மா தரையைப் பார்த்தது.

அத்தாட்சியும் போச்சு. எனக்கு என்னவோ வந்தது. கோபமா, வெட்கமே தீர்ந்துபோனதா, தெரியவில்லை. சட்டைக் கையைத் தோள் வரைக்கும் ஏற்றிவிட்டு, கையைப் பக்கவாட்டில் நீட்டினேன். தோல் தொட்டில் துணி மாதிரி தொங்கியது.

"இங்கயும் புள்ள பெத்தேனா, அண்ணி?"

அவர் அம்மா எழுந்து வந்தார். தோலை விரலால் கொஞ்சம் தூக்கி, விட்டுப் பார்த்தார். கடையில் துணி பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். "எம்புட்டு ஒடம்பு இருந்திருக்கு" என்றார். வலிக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். புண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணியே என் சட்டைக் கையை இறக்கிவிட்டார். ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

போகும்போது அண்ணி: "ப்ளவுஸ முழுக்கையா தைக்கச் சொல்லிர்றேன். தம்பிக்கு நாங்க ஒண்ணும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. தாலி ஏறட்டும்."

கல்யாணம் நிற்கவில்லை. அம்மா சாமிக்கு விளக்கேற்றியது. எனக்குத்தான் திருடிவிட்டு வந்தவள் மாதிரி இருக்கிறது. தாலி ஏறின பிறகு எதைப் போட்டு எத்தனை நாள் மூடுவது?

ஜூலை 14, திங்கள்

கொஞ்சம் வெயில். கடையில் கூட்டமில்லை.

மத்தியானம் மாப்பிள்ளை போன். ஹட்டன் ஸ்டாண்டில் பஸ் நிற்கிற நேரம். "அக்கா ப்ளவுஸ முழுக்கையா தைக்கணும்ங்குது. ஒங்களுக்குப் புடிக்கலன்னா சொல்லுங்க, நான் அக்காகிட்ட பேசுறேன்."

புடிச்சிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்ல வரவில்லை. பின்னால் துணிப் பொதிமேல் உட்கார்ந்து மற்றதை எல்லாம் சொன்னேன். குண்டாக இருந்தது, வயிறு, கை, புண், அம்மா சொன்ன பொய், நேற்று அவர்கள் வந்து பார்த்தது.

பொகவந்தலாவை, பொகவந்தலாவை என்று அந்தப் பக்கம் யாரோ பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் மட்டும்.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுங்க. பஸ்ஸ எடுக்கச் சொல்றாங்க, நான் ஏறல. நீங்க சொல்லுங்க."