கடைமடைக்கு முதல் தண்ணீர்

அக்கா,

இன்று காலை கொல்லையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மடியிலிருந்த போன் அதிர்ந்தது. ‘குளிர்காலப் பூத்திருவிழா தொடங்க இன்னும் ஐந்து நாள். உங்கள் குழு தயாரா?’ என்று நம் தோட்ட விளையாட்டு கேட்டது. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உங்கள் வீட்டுப் பக்கம் போய், “அக்கா, அறிவிப்பு வந்துடுச்சு” என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. நாக்குக்கு அது இன்னும் தெரியவில்லை.

நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டீர்கள், நான் தம்பிக்கு. பதினாறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். நித்யாவைப் பெற்றது நான். தலை பின்னி, சோறு கட்டிக் கொடுத்து, பூதலூர் ஸ்டேஷன் வரை கூடவே நடந்து போய் ரயிலேற்றி விட்டது நீங்கள். பாகப்பிரிவினை வந்தபோது, ஆழ்துளைக் கிணறு இருக்கும் வயல் உங்கள் பங்கில் விழுந்தது. வந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்: “பிள்ளை இல்லாதவங்களுக்கு போர்செட் வயல் எதுக்கு?”

நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள். அந்த வாரமே கொல்லைக்கு நடுவில் சுவர் எழும்பியது. ஏழு வருடம் நமக்குள் பேச்சில்லை. உங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அவ்வளவுதான் போக்குவரத்து.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நித்யாதான் என் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். “பொழுது போகும்மா, பூச்செடி வளர்க்கறதுதான்” என்றாள். அவளும் அவள் தோழிகளுமாகப் பத்துப் பேர் கொண்ட குழு. எல்லாருக்கும் புனைபெயர். நான் காவேரி. குழுவில் செவ்வந்தி என்று ஒருவர் இருந்தார்.

அந்த வருடத் திருவிழாவுக்கு எங்களிடம் திட்டம் எதுவும் கிடையாது. பத்து நாளில் எந்தக் குழு அதிகம் பூப் பறிக்கிறதோ அதற்குத் தாமரைக் குளம் பரிசு. எல்லாரும் தோன்றியதை நட்டோம். தண்ணீர் சீக்கிரமே தீர்ந்தது. அப்போதுதான் செவ்வந்தி குழு அரட்டையில் எழுத ஆரம்பித்தார். ‘ஆபீஸ் போறவங்க நாள் முழுக்க வளர்ற அல்லியை நடுங்க. வீட்டுல இருக்கறவங்க ரெண்டு மணி நேர ரோஜா போடுங்க. இப்பவே விளைஞ்சதைப் பறிக்காம செடியிலயே விட்டு வைங்க, திருவிழா தொடங்கின நிமிஷம் பறிச்சாதான் கணக்குல சேரும்.’ யாரோ நன்றாக விவசாயம் தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவது கேட்டது. “கடைமடைக்கு... முதல்ல... தண்ணி விடுங்க. தலைமடைக்காரங்க... எப்படியும்... பொழச்சுக்குவாங்க.” யாரிடம் இப்படிப் பேசுகிறீர்கள் என்று யோசிப்பதற்குள் என் போன் அதிர்ந்தது. அரட்டையில் செவ்வந்தி, அதே சொற்கள். தட்டச்சு வராததால் நீங்கள் போனிடம் வாயால் சொல்லி எழுதவைக்கிறீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

ஈரத்துணியோடு நின்றேன். உடனே நித்யாவைக் கூப்பிட்டேன்.

“தெரிஞ்சேதான் சேர்த்தியா?”

“டீமுக்கு ஆள் குறைஞ்சுதும்மா” என்றாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

குழுவிலிருந்து விலகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விலகவில்லை. நம் குழுவில் கடைசி நிலையில் இருந்த பெண்ணின் தோட்டத்துக்கு என் பங்குத் தண்ணீரை விட்டேன். ‘சபாஷ் காவேரி’ என்று வந்தது. அதற்கு முன் அதே சொல் உங்கள் குரலில் சுவர் வழியாகவும் வந்தது. காவேரி நான்தான் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை.

திருவிழாவின் எட்டாம் நாள் அது தெரிந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேல் உங்கள் தலை தெரிந்தது. முகம் வற்றிப்போயிருந்தது.

“வனஜா, வயித்துல கட்டியாம். நாளைக்கு தஞ்சாவூர்ல சேரச் சொல்றாங்க, மறுநாள் ஆபரேஷன். என் தோட்டத்தைப் பாத்துக்க.”

ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. “எந்தத் தோட்டத்தைக்கா?” என்றேன்.

“ரெண்டையும்தான்.”

நான் தோட்டத்தைப் பார்க்கவில்லை. உங்களோடு பஸ் ஏறிவிட்டேன். கடைசி நாள் உங்களை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போவதற்கு முன், பெஞ்சில் நம் இருவர் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. “அக்கா, அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் அப்புறம். அல்லி விளைஞ்சிருக்கும், பறி” என்றீர்கள். உங்களை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் இரண்டு போனிலும் மாற்றி மாற்றிப் பறித்தேன். கண்ணீர் மறைத்ததில் எத்தனையோ பூவைத் தவறவிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே நின்றிருந்தார்கள். பேசினார்களா என்று கேட்கவில்லை.

கண் விழித்ததும் நீங்கள் கேட்டது, “குளம்?”

“ரெண்டாவது எடம்க்கா. குளம் கெடைக்கல.”

“மொத வருஷத்துக்கு அது போதும்.”

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் வாழ்ந்தீர்கள். அண்ணனும் தம்பியும் சுவரில் ஓராள் நுழையும் அகலத்துக்கு வழி விட்டார்கள். அடுத்த திருவிழாவுக்குப் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் யாருக்கு எந்தப் பூ, யாருக்கு எப்போது தண்ணீர் முறை என்று எழுதி வைத்து விளையாடினோம். குளத்தையும் வாங்கினோம். நித்யா அங்கே கத்தியது இங்கே கேட்டிருக்கும்.

நோய் திரும்ப வந்தபோது உங்களுக்குப் போனைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. ஒரு சாயங்காலம் கஞ்சி கொடுத்துவிட்டு, இனித் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டேன். “அக்கா, உங்களுக்குப் பிள்ளை இல்லன்னு அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“விடு” என்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள்.

“ஆமா. சொல்லியிருக்கக் கூடாதுதான்” என்றீர்கள். பிறகு, “நீ சாப்பிட்டியா?” என்றீர்கள்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எனக்கு மனம் லேசாகியிருக்கும், பிறகு மறந்தும் போயிருப்பேன். நீங்கள் அந்த ‘ஆமா’வை என்னிடம் விட்டுப் போனீர்கள். போன வாரம் எங்கள் வீட்டுக்காரரிடம் ஏதோ கோபத்தில் ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. உங்கள் ‘ஆமா’ கேட்டது. விழுங்கிவிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்றேன். அவர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்.

உங்கள்
வனஜா