ஸ்வெட்டர் பட்டன்

12 ஜனவரி 1984, வியாழன்.

மலைக் குளிரில் ஸ்வெட்டரை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

சென்னை அதிகாரி இன்று எங்கள் தொலைநோக்கிக் கூடத்துக்கு வந்தார். கூரையைச் சுழற்றும் புது எலெக்ட்ரானிக் போர்டு தயார். அதை இயக்கும் பட்டன்தான் பெங்களூரிலிருந்து வரவில்லை. சாதாரண சுவிட்ச் வைக்கலாம் என்றேன். இன்ஜினியர் ராகவனுக்கு அது கௌரவக் குறைச்சல். என் ஸ்வெட்டரின் பெரிய கறுப்புப் பட்டனை அறுத்து, அடியில் ஸ்பாஞ்சு வைத்து போர்டின் முன்பலகையில் ஒட்டினார். அதில் ஒயர் கிடையாது. போர்டின் ஒயரைக் கையில் கொடுத்து என்னைப் பலகைக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

"அவரு அமுக்குனதும் நான் இருமுவேன். நீ ஒயரை எர்த்துல தொடு. போர்டுக்கு இன்னா தெரியப்போவுது, பட்டன்னே நெனச்சுக்கும்."

முதலில் சரியாகவே நடந்தது. பிறகு அதிகாரியே இருமிவிட்டார். நான் தொட்டேன். யாரும் அமுக்காமலே கூரை சுழன்றது.

"நீங்க நெனச்சாலே சுத்துது சார்" என்றார் ராகவன். அதிகாரிக்கு ஒரே பூரிப்பு. ராகவனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். என்னை யாரும் வெளியே கூப்பிடவில்லை.

சாயங்காலம் என் பட்டனைத் திருப்பிக் கேட்டேன்.

"அது அங்கியே கெடக்கட்டும், அழகா கீது. பெங்களூர் பட்டனும் வேணாம்னு சொல்லிட்டேன். அதான் நீ கீறியே."

நாளை டெல்லியிலிருந்து யாரோ வருகிறார்களாம். இருமல் இல்லாத ஆளாக இருந்தால் சரி.