இரண்டு கடிகாரமும் சரிதான்

துபாய்
12.9.1982

அப்பாவையும் அம்மாவையும் கும்பிட்டு மகள் முத்துப்பேச்சி எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. அம்மாவின் கால் வீக்கம் வற்றியதா?

கட்டுநாயக்கா ஏர்போட்டில் காலை ஆறு மணிக்கு ஏறி துபாயில் ஒன்பது மணிக்கு இறங்கினேன் என்று, போன கடிதத்தில் இரண்டு இடத்துச் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துத்தான் எழுதினேன். உங்களுக்காகப் பதில் எழுதிய தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மயில்வாகனம் ஐயா, “மூன்று மணித்தியாலத்தில் துபாய் போக ஏலாது. ஏஜென்ட் உன்னை வேறெங்கோ இறக்கிவிட்டான்” என்று அடியில் சேர்த்திருக்கிறார். அதைக் கேட்டு அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறதாமே!

நான் விடவில்லை. நான் வேலை செய்கிற வீட்டு மேடத்தைக் கெஞ்சி விமானக் கம்பெனிக்கே போன் போட வைத்தேன். இரண்டாயிரம் மைல், நாலரை மணித்தியாலம். நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வரவே அதைவிட நேரமானதே! கடிகாரமும் பொய்யில்லை. சூரியன் உங்களைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் இங்கே வருகிறது. நீங்கள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கும்போது இங்கே நாலரை. பழக்கத்தில் எனக்கும் அப்போதே விழிப்பு வந்துவிடும். பேசத்தான் ஆளில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு போத்தல் மாசிச் சம்பல் கொடுத்தனுப்புங்கள். மேடம் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

இதை வாசிக்கிற கிளாக்கர் ஐயா, கடைசி வரியை மட்டும் அம்மா காதில் விழுகிற மாதிரி ரெண்டு தரம் சத்தமா வாசிங்க: முத்துப்பேச்சி துபாயிலதான் இருக்கா.