வைத்தியர் வேடம்

ஐப்பசி 14, ஞாயிறு

இன்று பகடை விளையாட்டில் வைத்தியர் வேடத்தை நானே எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு வேடம் ஏற்று, மகன் சொல்லும் கதைக்குள் சண்டை போடும் விளையாட்டு. மச்சினர்கள் இருவர் உட்பட மற்ற நால்வருக்கும் சண்டை வீரர் வேடம்தான் வேண்டும். காயத்துக்கு மருந்து போட ஆளில்லை.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறுக்குப் பிறகு மச்சினர்கள் இருவரும் பேசிக்கொள்வது இந்த மேசையில் மட்டும்தான். கட்சி ஒன்றியச் செயலாளர் வந்து பேசியும் அது தீரவில்லை.

"முன்னாடி நிக்கிறவன் நான். முதல் மருந்து எனக்குத்தான் மாப்ள" என்றார் பெரியவர்.

"தண்ணிக்கும் இதத்தானே சொன்னீங்க. கடைமடையில இருக்கிற என் வயல் காயட்டும், அப்படித்தானே?" என்று சின்னவன் பகடையை வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் போனால் இனி வரமாட்டான். நாள் முழுக்க நெல் பேரம் பேசிய அலுப்பு, வீட்டிலும் பேரம்.

"உக்காருடா. மருந்துப் பை என் கையில இருக்கு. முறை நான்தான் வைப்பேன்" என்றேன்.

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மருந்தில்லாமல் கதையில் வரும் குகைக்குள் போக அவருக்கும் தைரியமில்லை.

கடைசியில் முடிவானது இது: முதல் மருந்து பின்னால் நிற்கும் சின்னவனுக்கு, அடுத்தது முன்னால் நிற்பவருக்கு, பிறகும் அதே முறை. முறை வைத்ததற்குத் தரகாக, கிடைக்கும் புதையலில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு.